கற்பூரத்தை அணைக்காத வேலாயி

இலங்கையில் லுணுகலைக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலாயி என்று ஒருத்தி இருந்தாள். படிப்பும் கிடையாது, நகைநட்டும் கிடையாது. முன்பல் இரண்டு விழுந்து, சிரித்தால் பொக்கை தெரியும். ஆனால் அந்தத் தோட்டத்து வேதக்காரர்களிடம் போய், உங்கள் சபை எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வந்த வெள்ளைக்காரப் பாதிரியாரைச் சொல்ல மாட்டார்கள். வேதக்கோவிலுக்கு இடம் கொடுத்த துரையையும் சொல்ல மாட்டார்கள். "நாங்க வேலாயி வழிங்க" என்பார்கள். சொல்லும்போதே முதுகு தானாக நிமிரும். நிமிரட்டுமே, அதற்கு நியாயம் இருக்கிறது.

ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் பேரை மாற்றிக்கொள்வது அந்நாளில் வழக்கம். பாதிரியார் அவளுக்கு எஸ்தர் என்று அழகான பேராகப் பார்த்து வைத்திருந்தார். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பியே பாக்க மாட்டேனே சாமி. அப்பறம் கூப்பிட்டு என்ன பிரயோசனம்?" என்று கேட்டாளாம். சபைப் புத்தகத்தில் இன்றைக்கும் வேலாயி என்றுதான் இருக்கிறது. பதுளைக்கு ரயில் வந்த வருஷம் அவள் செத்துப்போனாள். மாரியம்மன் கோவில் தப்புமேளக்காரர்கள் கூப்பிடாமலே வந்து சவத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவு பெயர் எடுத்தவள் ஞானஸ்நானப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவள் என்றால் நம்புவீர்களா? 1909-ஆம் வருஷத்துக் கதை இது. பாதிரியார் ஆறு மாசத்துக்கு ஒரு முறை பதுளையிலிருந்து குதிரையில் வருவார். கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சேரப் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கேள்வி கேட்பார்.

"இயேசு கிறிஸ்து யார்?"

"ரொம்ப நல்லவரு சாமி."

"சரி. வேறே?"

"ஏழைபாழைங்களுக்கு எரங்கினவரு. கண்ணு தெரியாதவனுக்குக் கண்ணு குடுத்தவரு."

"வேறே?"

"வேற என்னா சாமி வேணும்? இதுவே பெரிசு இல்லையா?"

பாதிரியார் பெருமூச்சு விட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். அடுத்த ஆறு மாசம் கழித்தும் அதே கேள்வி, அதே பதில். இரண்டாம் தடவை வேலாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக வேதமாணிக்கம் உபதேசியாரிடம் போனாள். அவர் தோட்டம் தோட்டமாகக் குடையும் கையுமாக நடந்து ஜெபம் நடத்துகிறவர். இருபத்தாறு வயசு. வேலாயிக்கோ நாற்பதுக்கு மேல். ஆனாலும் ஏற்றத்தில் நாலு அடி வைத்தால் உபதேசியாருக்குத்தான் மூச்சு வாங்கும்.

"நல்லவருன்னு சொன்னா ஒங்க பாதிரித் தொரைக்கு என்னா கோவம்? நல்லவர வேற எப்பிடிச் சொல்றதாம்?" என்று பொரிந்து தள்ளினாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க எதுக்காக அவருகிட்ட வந்தீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு வேலாயியிடம் பதில் இருந்தது. ஆனால் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த கொழுந்துக் கூடைமேல் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் திருச்சிப் பக்கத்திலிருந்து அவளும் புருஷனும் இரண்டு வயசுப் பெண்குழந்தையும் ஒரு கூட்டத்தோடு புறப்பட்டு வந்தார்கள். கூட்டத்துக்குக் கங்காணி அழகுமலை. இன்றைக்கு ஊசிமலையின் பெரிய கங்காணி, அன்றைக்குச் சில்லறைக் கங்காணி. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடை. நாலாம் நாள் பேதி கண்டது. முதலில் புருஷன் போனான். மறுநாள் குழந்தை துவண்டுவிட்டது. "பேதி கண்ட புள்ளையத் தூக்கிட்டு வந்தா மொத்தக் கூட்டமும் சாகும். அந்த அம்பலத்துல வுட்டுட்டு நட. பின்னால வர்றவங்க பாத்துக்குவாங்க" என்றார் அழகுமலை. அம்பலம் என்பது வழிப்போக்கர் தங்குகிற கொட்டகை. பின்னால் யாரும் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குழந்தையைப் படுக்க வைத்து, பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டு அவள் நடந்தாள்.

"உசிரு இருந்துச்சுங்க" என்றாள் வேலாயி. "நான் திரும்பிப் பாத்தப்ப கையை ஆட்டுச்சு."

உபதேசியார் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அம்மா, நான் நல்லவன்னே வெச்சுக்குவோம். போகட்டும், ஒங்களை மன்னிச்சேன்னு நான் சொன்னா ஒங்க பாரம் எறங்குமா?"

"நீங்க யாருங்க மன்னிக்க? அது ஒங்க புள்ளையா?" என்று சுள்ளென்று கேட்டாள்.

"சரிதான். அப்ப யாரு மன்னிக்கலாம்?"

வேலாயி யோசித்தாள். "அந்தப் புள்ள மன்னிக்கலாம். இல்லாட்டி, அதைக் குடுத்தவன் மன்னிக்கலாம்."

உபதேசியார் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். சில பேருக்கு நாம் சொல்லிக் கொடுத்தால் ஏறாது, தானே மென்றால்தான் இறங்கும். வேலாயி அந்த ரகம்.

ஒரு வாரம் மென்றாள். கொழுந்து கிள்ளும்போதும், மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துத் தின்னும்போதும் அதே நினைப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வந்து குடையை மடக்குவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வெளங்கிருச்சுங்க. நல்ல மனுசன் ஒருத்தன் அநியாயமாச் செத்தான்னா, அய்யோ பாவம்னு அழலாம். அதுக்கு மேல எனக்கு அதுல என்னா இருக்கு? என் புள்ள சாவு மாதிரி அதுவும் ஒரு சாவு. ஆனா புள்ளையக் குடுத்த கடவுளே எறங்கி வந்து, அடிபட்டு, செத்து, எந்திரிச்சு, 'வுடு வேலாயி, அந்தப் புள்ள எங்கிட்டதான் இருக்கு, ஒன்னைய மன்னிச்சிட்டேன்'னு சொல்றாருன்னா, அந்தப் பேச்சு செல்லும். வேற யாரு சொன்னாலும் செல்லாது. இத்தனை நாளா நல்லவருன்னு சொல்லி அவரக் கொறைச்சுப்புட்டேன்."

எட்டு வருஷம் படித்த பாதிரிமார்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்று வேதமாணிக்கம் உபதேசியார் பின்னாளில் சொல்வார். அன்று ராத்திரி இருபது வருஷத்தில் முதல் தடவையாக வேலாயி அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

பாதிரியார் அடுத்தபடி வர இன்னும் ஐந்து மாசத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் வேறொரு பரீட்சை வந்துவிட்டது.

கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் வேலாயியின் ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா தனலெட்சுமியுடையது. புருஷன் ரோட்டு வெட்டும்போது கல் உருண்டு செத்துப்போனான். பத்து மாசத்தில் ஒரு பெண்குழந்தை, பேச்சி என்று பேர். ஐப்பசி மழையில் தனலெட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், வேலாயி மட்டும் கூட இருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தனலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புள்ளைய கங்காணி வூட்டுக்கு வுட்றாத. நீயே வளத்துரு" என்றாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

கங்காணி வீட்டு விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அநாதைப் பெண்பிள்ளைகளை அங்கே சேர்த்துக்கொள்வார்கள். சோறு போடுவார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமக்கும், மாவு இடிக்கும், மாட்டுக்குப் புல் அறுக்கும். தனலெட்சுமியைப் புதைத்த மறுநாளே அழகுமலைக் கங்காணி ஆள் அனுப்பினார். செத்துப்போன புருஷன் தனக்குப் பங்காளி முறை, அதனால் பிள்ளை தன் வீட்டுப் பிள்ளை என்றார். வேலாயி கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். விவகாரம் பஞ்சாயத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை முடிந்து பெரட்டுக் களத்தில் சனம் கூடியது. காலையில் பேர் போட்டு வேலை பிரிக்கிற அதே இடம். ஓரத்தில் மஞ்சள் பூசிய மாரியம்மன் கல். அந்தத் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்தவர் சொன்ன சொல்லுக்கு ஒரே ஒரு சாட்சிதான் என்றால், அந்தச் சாட்சி கல்லுக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவருக்கு எட்டு நாளில் கண் போகும் என்பது நம்பிக்கை. இதில் துரைகூடத் தலையிட மாட்டார்.

வெற்றிலைமேல் கற்பூரம் கொளுத்தி வைத்தார்கள். வேலாயி பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அணைச்சுட்டுப் புள்ளையத் தூக்கிட்டுப் போ. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றார் கங்காணி.

"நான் வேதத்துக்குப் போயிட்டேங்க. கற்பூரம் அணைக்க மாட்டேன். ஏசுசாமி பேரச் சொல்லி உள்ளதச் சொல்றேன், கேட்டுக்கங்க" என்றாள் வேலாயி.

கங்காணி சிரித்தார். "சத்தியம்னா சாமி பேர்ல பண்ணணும். மனுசன் பேர்ல பண்ணா செல்லுமா? அதுவும் செத்துப்போன மனுசன்! நாளைக்கு ஒருத்தன் எந்திரிச்சு, எங்க பாட்டன் மேல சத்தியம்னு வந்து நிப்பான். ஏத்துக்குவீங்களாப்பா?"

கூட்டம் தலையை ஆட்டியது. அவர்கள் கணக்கில் அது நியாயமான பேச்சுதான், குறை சொல்ல முடியாது.

கற்பூரம் எரிந்து தீர்ந்தது. கங்காணி இன்னொன்றைக் கொளுத்தச் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்ததும் மனுஷருக்குத் தாராளம் வந்துவிட்டது. "இந்தா பாரு வேலாயி, நானும் அவரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நல்லவருதான். மகான்னே வெச்சுக்க. நம்ம திருவிழாவுல அவருக்கும் ஒரு தேங்கா ஒடைச்சுப்புடுவோம். அவரு நல்ல மனுசன், சாமி இல்லன்னு எல்லாருக்கும் கேக்க ஒரு வார்த்த சொல்லு. சொல்லிட்டுக் கற்பூரத்த அணை. புள்ள ஒன்னோடது. நான் சொன்னா சொன்னதுதான்."

அவர் சொன்ன சொல் தவறாதவர், அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு வார்த்தைதான். பிள்ளை கைக்கு வந்துவிடும்.

பக்கத்தில் வேதமாணிக்கம் உபதேசியார் நின்றிருந்தார். பேச்சி வேலாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதைப் பிடித்து இழுத்து விளையாடுகிறாள். அவர் அதைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், குனிந்து வேலாயியின் காதில் சொன்னார்: "அம்மா, மனசுல வெச்சுக்கிட்டு வாயால மட்டும் சொல்லிருங்க. புள்ளை உசிரு பெரிசு. ஆண்டவருக்குத் தெரியும்மா."

ஆமாம், உபதேசியார்தான் சொன்னார்! இதை வேறு யாரோ கட்டிவிடவில்லை. அவரே சாகும்வரைக்கும் போன தோட்டத்திலெல்லாம் தன் வாயால் சொல்லி வெட்கப்பட்டார்.

வேலாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒரு பிள்ளையை வழியில் விட்டவளுக்கு இன்னொரு பிள்ளை வந்து கழுத்தைக் கட்டியிருக்கிறது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு கெஞ்சியது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெறும் மனுஷன் என்றால், அந்த அம்பலத்தில் யாருமே இல்லை. அந்தக் குழந்தை கையை ஆட்டியது ஆட்டியபடி தனியாகக் கிடக்கிறது. பேச்சியை வாங்க அந்தக் குழந்தையை இரண்டாம் தடவையாக விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

அவள் சனத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேளுங்க. இந்த நாட்டுக்கு நடந்து வந்தப்ப, பேதி கண்ட என் புள்ளைய ஒரு அம்பலத்துல உசிரோட வுட்டுட்டு வந்தவ நான். இருவது வருசமா ஒங்க யாருகிட்டயும் சொல்லல. அந்தப் பாவத்த மன்னிக்கிறதுக்கு இந்த ஒலகத்துல எந்த மனுசனுக்கும் அதிகாரம் இல்ல. நல்லவனுக்கும் இல்ல, மகானுக்கும் இல்ல. ஏசுசாமி மன்னிச்சாரு. அவரு கடவுளா இருக்கப்போயித்தான் மன்னிச்சாரு. செத்தாரு, நெசந்தான். எந்திரிச்சவரும் அவருதான். அவரு வெறும் மனுசன்னு என் வாயால வராது. இந்தப் புள்ளைக்காகவும் வராது."

கங்காணியின் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "கேட்டீங்களா? பெத்த புள்ளைய வழியில போட்டுட்டு வந்தவகிட்ட இன்னொரு புள்ளையக் குடுக்கறதா?" என்றார்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! போடச் சொன்னவர் அவர். அந்த ஒரு சொல்லை அந்த இடத்தில் வேலாயி திருப்பி வீசியிருந்தால் மனுஷர் மண்ணைக் கவ்வியிருப்பார். அவள் வீசவில்லை. பேச்சியின் உச்சியில் முத்தம் கொடுத்தாள். காதைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற கங்காணியின் சம்சாரம் வடிவம்மா கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

"நில்லுடி வேலாயி!"

வடிவம்மாவின் குரல். வருஷா வருஷம் மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கிற பெண்பிள்ளை அவள். புருஷன் முன்னால் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இந்த நாட்டுக்கு வந்த அந்தக் கூட்டத்துல நானும் நடந்து வந்தவதான்" என்றாள் வடிவம்மா, சனத்தைப் பார்த்து. "அம்பலத்துல புள்ளைய வுடச் சொன்ன வாய் எதுன்னு எனக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும். அதச் சொல்லியிருந்தா இந்தக் களமே இவ பக்கம் சாஞ்சிருக்கும். சொன்னாளா? தன் பாவத்த மட்டும் சொன்னா. ஒரு பொய்யச் சொல்லிட்டுப் புள்ளைய வாங்கிக்கன்னு இத்தனை பேரும் நின்னு கேட்டோம். உசிராட்டம் இருக்கற புள்ளையக் குடுத்துட்டுப் போறாளே தவிர பொய் சொல்லல. இப்பிடிப்பட்டவ, தனலெட்சுமி சொல்லாத ஒண்ணச் சொன்னான்னு பொய் சொல்லுவாளா? இதுக்கு மேல என்னாத்துக்குக் கற்பூரம்? எங்க மாரியாத்தாவக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவா."

பின்வரிசையில் ஒரு கிழவி, "சரியாச் சொன்ன தாயி" என்றாள். அவ்வளவுதான், நாலா பக்கமும் ஆமாம் ஆமாம் என்று எழுந்தது. இரண்டாவது கற்பூரமும் எரிந்து அணைந்தது. மூன்றாவதை யாரும் கொளுத்தவில்லை.

வடிவம்மா வேலாயியிடம் நடந்து வந்தாள். பேச்சியை அவள் இடுப்பில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், "அந்தப் புள்ள பேரு என்னா?" என்று கேட்டாள்.

இருபது வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"சிட்டு" என்றாள் வேலாயி. கனைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னாள். "சிட்டுங்க. எங்க சிட்டு, கடவுள்கிட்ட இருக்கு."

கங்காணியைக் கண்டால் ஆட்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பது தோட்டத்து மரியாதை. அன்றைக்கு அழகுமலைக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்தார். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கொழுந்தெடுக்கிற பொம்பளைக்கு வழியை விட்டு ஒதுங்கி நின்றார். முந்நூறு பேர் பார்த்தார்கள். வேலாயி பார்க்கவில்லை. பேச்சி பசியில் சிணுங்க ஆரம்பித்துவிட்டாள், அவளைத் தட்டிக் கொடுத்தபடி நிமிர்ந்து நடந்து போனாள்.